இல்லினாய் எப்படியும் கையில்தானே, பிறகு ஏன் சிகாகோ?

அமெரிக்க அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்கு நகரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற உங்கள் கட்டுரையில் சிக்கல் இருப்பது முதல் வரியிலேயே என்று நினைக்கிறேன். "இழுபறி மாநிலத்தில் (எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய மாநிலத்தில்) மாநாடு நடத்தினால் அந்த மாநிலம் கிடைக்கும்" என்று எடுத்துக்கொண்டதால்தான், 2024இல் ஜனநாயகக் கட்சி, எப்படியும் தன் பக்கம் இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சிகாகோவுக்குப் போனது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. அந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. 2012இல் சார்லட்டில் கூடினார்கள், அந்த நகரம் இருக்கும் வட கரோலினா கைவிட்டுப் போனது. 2016இல் பிலடெல்பியா, அது இருக்கும் பென்சில்வேனியாவும் கைவிட்டுப் போனது. 2008இல் டென்வரில் கூடி கொலராடோவை வென்றது மாதிரி பலித்ததும் உண்டு, ஆனால் அது மாநாட்டால்தான் என்று எப்படிச் சொல்வது?

நகரத்தைத் தீர்மானிப்பதில் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. மாநாட்டுக்கான அரசு நிதியை 2014இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்கு மட்டும் மத்திய மானியம் வரும். மீதியை உள்ளூர் ஏற்பாட்டுக் குழுதான் திரட்ட வேண்டும். சிகாகோவில் பெரிய நன்கொடைகளைத் திரட்டித் தர கோடீஸ்வர ஆளுநர் பிரிட்ஸ்கர் இருந்தார். ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள், அதைவிட அதிகமாகப் பத்திரிகையாளர்கள். ஓட்டல் அறைகளும் வேண்டுமே.

அட்லாண்டாவும் போட்டியில் இருந்தது, ஜார்ஜியா அசல் இழுபறி மாநிலம் வேறு. ஆனால் அங்கே ஓட்டல்களில் தொழிற்சங்கம் பலவீனம். சங்கங்கள் சிகாகோவுக்காகக் குரல் கொடுத்தன. சங்கங்களின் ஆதரவை நம்பியிருக்கும் ஜனநாயகக் கட்சி அவர்களைப் பகைத்துக்கொண்டு மாநாடு நடத்துமா? உங்கள் கட்டுரையை இங்கிருந்து தொடங்குங்கள், சார்லட் கதையை இரண்டாம் பத்தியில் வையுங்கள்.