கேஸ் டிடெக்டரை எங்கே மாட்டுவது? கேள்வி பதில்

கேஸ் அடுப்பு, ரெகுலேட்டர், ஹோட்டல் லைன் என்று 22 வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் நான். கேஸ் கசிந்தால் அலாரம் அடிக்கும் டிடெக்டர் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, டிடெக்டர் வாங்கி மிக்ஸி பிளக்கில் சொருகிவிட்டேன். போதுமா? (திண்டுக்கல்)

போதாதும்மா. நான் பார்க்கிற வீடுகளில் முக்கால்வாசி இந்தக் கதைதான். நம் சமையல்கட்டுகளில் பிளக் பாயின்ட் எல்லாம் மேடைக்கு மேலே, தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். சிலிண்டரில் வருகிற எல்பிஜியோ காற்றைவிடக் கனம். அதில் இருக்கும் புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் கொட்டிய தண்ணீர் மாதிரி தரையோடு படரும். நாலடிக்கு மேலே இருக்கும் டிடெக்டருக்கு அது தெரிவதற்குள் கீழே கணுக்கால் அளவு கேஸ் நின்றுவிடும்.

தரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டுங்கள். சிலிண்டரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வருகிற சுவராக இருந்தால் நல்லது. ஒயர் வைத்த மாடல் வாங்கினால் பிளக்கை மேலேயே சொருகிவிட்டு டிடெக்டரை மட்டும் கீழே ஸ்க்ரூ பண்ணலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட வேண்டாம். வீடு துடைக்கிற தண்ணீர் ஒரு நாள் அதில் போய்விடும்.

அப்புறம் அந்த சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்னி அரைக்கக் கழற்றியவர் திரும்பச் சொருக மாட்டார்.

எங்களுக்குப் பைப் லைனில் கேஸ் வருகிறது. அதே இடம்தானா? (சென்னை)

இல்லை, நேர் எதிர். பைப்பில் வருவது மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே போகும். சீலிங்கிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டுங்கள். வாங்கும்போது மீத்தேனுக்கு ஆனதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள்.

கசிந்தால்தான் நாறுமே! எனக்கு நல்ல மூக்கு. எதற்கு இந்தச் செலவு? (தஞ்சாவூர்)

நியாயமான கேள்வி சார். எல்பிஜிக்குச் சொந்த வாசனை கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்று ஒன்றைக் கலக்கிறார்கள், அந்த அழுகல் நாற்றம் அதனுடையது. காற்றில் 100 பங்குக்குச் சுமார் 2 பங்கு கேஸ் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்ததுமே நல்ல மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கில்தான் வாசனை கலக்கிறார்கள். டிடெக்டரும் ஏறக்குறைய அதே அளவிலோ, இன்னும் கொஞ்சம் முன்னாலோ கத்தும். ஆக, விழித்திருக்கிற நல்ல மூக்குக்கு டிடெக்டர் பெரிதாக எதுவும் கூட்டித் தராது.

ஆனால் தூங்கும்போது மூக்கை நம்ப முடியாது. ஜலதோஷம் இருக்கும். வயதானவர்களுக்கு வாசனை மங்கிவிடும், கொரோனா வந்துபோன சிலருக்கு இன்னும் சரியாகவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்து, குமிழ் திறந்தே கிடந்தால் பெரிய பர்னர் வழியாக மணிக்குச் சுமார் 150 கிராம் வெளியே போகும். எட்டுக்குப் பத்து சமையல்கட்டில் ஒரு கிலோ கேஸ் சீராகக் கலந்தாலே அந்த 2 பங்கு கணக்கு வந்துவிடும். அது தரையில் தேங்குவதால் அவ்வளவு கூடத் தேவைப்படாது. நீங்கள் இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்துகிறது. மட்டமான பொருளா? (கும்பகோணம்)

பொருள் சரிதான் அக்கா. வீட்டு டிடெக்டர்களில் பெரும்பாலும் இருப்பது வெள்ளீய ஆக்ஸைடு சென்சார். உள்ளே சின்ன ஹீட்டர் எப்போதும் சூடாக இருக்கும். எரியக்கூடிய ஆவி எது பட்டாலும் அதன் மின்தடை குறையும், உடனே கத்தும். புகை, சானிடைசர், சென்ட், கரப்பான் மருந்து எல்லாம் அதற்கு ஒன்றுதான். பூஜை மாடத்திலிருந்து தள்ளி மாட்டுங்கள். கத்துகிறதே என்று பாலிதீன் பையால் மூடிவைத்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். பை மேல் தூசி படிந்து கிடந்தது.

சிலிகான் கம்மை மட்டும் பக்கத்தில் அடிக்காதீர்கள். அந்த ஆவி சென்சாரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? லைட்டரைக் காட்டினேன், சத்தமே இல்லை. (சேலம்)

அடுப்பு லைட்டரையா காட்டினீர்கள்? அதில் வெறும் பொறிதான் தம்பி, கேஸ் கிடையாது. பெட்டிக்கடையில் விற்கிற சிகரெட் லைட்டரில் பியூட்டேன் இருக்கும். அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லைட்டரைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் ஓரிரு நொடி சென்சார் துளைப்பக்கம் விடுங்கள். மாசம் ஒரு தடவை போதும், அடிக்கடி செய்தால் சென்சாருக்கு ஆகாது. டெஸ்ட் பட்டன் பெரும்பாலும் பஸ்ஸர் அடிக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். கரண்ட் போய் வந்தால் சென்சார் சூடேறச் சில நிமிஷம் ஆகும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் போடுங்கள். பின்பக்கம் தேதி இருக்கும், ஐந்து வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள்.

அலாரம் அடித்தது. அம்மா பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டார்! (கோவில்பட்டி)

தப்பித்தீர்கள். எல்லோருக்கும் கை முதலில் போவது சுவிட்சுக்குத்தான். சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி, பிளக்கை உருவினாலும் பொறி. அலாரம் கத்தட்டும், விடுங்கள். எரிகிற அடுப்பு, சாமி விளக்கு இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, கயிற்றில் தொங்குமே அந்த வெள்ளை மூடி, அதை வால்வில் அழுத்திப் போடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வாசலைத் தாண்டிய பிறகு 1906க்குப் போன் போடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நாற்றம் கடுமையாக இருந்தால் ரெகுலேட்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் நேராக வெளியே போய்விடுங்கள்.

கேஸ் வந்தால் தானாக எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடும் டிடெக்டர் என்று விற்கிறார்கள். சாதாரண ஃபேன் மோட்டாரில் பொறி வரும். நான் யாருக்கும் அதை மாட்டித் தருவதில்லை. தானாக வால்வை மூடுகிற மாடல் என்றால் சரி.

2021 கடைசியில் இங்கே அடுப்புகள் வெடித்த பிறகு பயமாகவே இருக்கு. டிடெக்டர் புரொபேனுக்கா, பியூட்டேனுக்கா? (யாழ்ப்பாணம்)

இரண்டையும் பிடிக்கும். இரண்டும் கீழேதான் இறங்கும், மாட்டும் இடமும் அதேதான். அந்த நேரத்தில் சிலிண்டரில் புரொபேன், பியூட்டேன் கலப்பு விகிதம் மாறியதுதான் பெரிய பேச்சாக இருந்தது. காரணம் இருக்கிறது: நம் வெயிலில் புரொபேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல மூன்று மடங்குக்கு மேல். வால்வு, வாஷர், ரெகுலேட்டர் எதில் பலவீனம் இருந்தாலும் புரொபேன் கூடின கேஸ் அதைத் தேடிப் பிடிக்கும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டியூப்பைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர் தீருகிற நேரத்தில் மட்டும் நாறுகிறது. (மதுரை)

வாசனைப் பொருள் கேஸைவிட மெதுவாக ஆவியாகும், அதனால் அடியில் அதிகம் தங்கும். பெரும்பாலும் அதுதான். இருந்தாலும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறது. அங்கேயும் ஒன்று மாட்டட்டுமா? (ஓசூர்)

அங்கே பெரிய பயம் கார்பன் மோனாக்ஸைடு, கேஸ் அரைகுறையாக எரிந்தால் வருகிற விஷ வாயு. அதற்கு நாற்றமே கிடையாது, எல்பிஜி டிடெக்டரை அதற்கு நம்பவும் கூடாது. கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள், வெந்நீர் பைப் மட்டும் உள்ளே வரட்டும். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துக் குளியுங்கள்.