கேளுங்கள், சொல்கிறேன்: சீனத்துச் சாப்பாட்டு மேசை

(புறக்கோட்டையில் கருவாடும் கடலட்டையும் ஏற்றுமதி செய்து ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவர் இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு குவாங்சோ போகிறோம். பத்து வயது மகன் யூடியூப்பில் கோழிக்காலையும் கறுப்பு முட்டையையும் பார்த்துவிட்டு இப்பவே "சீ" என்கிறான். அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவது?
*ஒரு தாய், வெள்ளவத்தை*

தங்கச்சி, அந்தச் "சீ"யைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பாஷை விளங்காவிட்டாலும் முகம் சுளிப்பது எல்லா ஊரிலும் விளங்கும்.

நாங்கள் கறியை நாக்கால் சாப்பிடுகிறவர்கள். உப்பு, புளி, உறைப்பு சரியா என்று பார்த்தால் எங்களுக்கு வேலை முடிந்தது. சீனர்கள் பல்லையும் ஒருதரம் கேட்பார்கள். நறுக்கென்று கடிபடுகிறதா, வழுக்குகிறதா, இழுபடுகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய விஷயம். எங்களுக்கு விசித்திரமாகத் தெரியும் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்தப் பல்லுக்காகச் சமைத்ததுதான். ஜெலிமீனைக் கீலம் கீலமாக வெட்டி, வினாகிரியும் நல்லெண்ணெயும் விட்டு வைப்பார்கள். ருசியெல்லாம் அந்த வினாகிரியில்; ஜெலிமீன் வந்திருப்பது நறுக்கென்ற சத்தத்துக்கு. இதை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். "என்ன ருசி?" என்று கேட்காமல் "எப்படிக் கடிபடுது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும்.

காலைச் சாப்பாட்டுக்குத் தேத்தண்ணிக் கடைக்கே போங்கள். குவாங்சோவில் அது ஒரு பெரிய வழக்கம். மூங்கில் கூடைகளில் சின்னச் சின்னப் பலகாரம் ஆவி பறக்க வரும். முதல் ஊற்றும் தேத்தண்ணியைக் குடித்துவிடாதீர்கள், அது கோப்பையும் குச்சியும் கழுவ. யாராவது உங்கள் கோப்பையை நிரப்பினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், நன்றி சொன்னதாகிவிடும். எங்கள் வீட்டில் மகள் இந்த விரல் தட்டலைப் பிடித்துக்கொண்டு, கொழும்புக்கு வந்த பிறகும் தாயார் தேத்தண்ணி ஊற்றும்போது தட்டிக்கொண்டிருந்தாள்.

கோழிக்காலை முதலில் பொரித்து, ஊறவைத்து, பிறகு புளிக்கவைத்த கறுப்புச் சோயா போட்டு ஆவியில் அவிப்பார்கள். தோல் அப்படிச் சுருங்கிப் பொருமி இருப்பதற்குக் காரணம் இதுதான். வாயில் போட்டுத் தோலை உருவிக்கொண்டு சின்ன எலும்புகளைத் தட்டில் துப்பவேண்டும். அங்கே துப்புவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. மகள் ஒரு கூடை முடித்து "இன்னொண்டு" என்றாள். மனைவி கூடைக்கு மூடி போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தா. இறால் வைத்த வெள்ளைக் கொழுக்கட்டையும் முட்டைத் தார்ட்டும் இருக்கின்றன. உங்கள் மகன் பட்டினி கிடக்கமாட்டான்.

கறுப்பு முட்டையைக் குதிரை மூத்திரத்தில் ஊறவைப்பதாக ஒரு கதை உலாவுகிறது. சுத்தப் பொய். தாரா முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலை கலந்த சேற்றில் சில வாரம் முதல் சில மாதம் வரை வைப்பார்கள். சுண்ணாம்பு, சாம்பலின் காரத்தன்மை ஓட்டுக்குள்ளால் இறங்கி வெள்ளைக்கருவைக் கபில நிற ஜெலியாக்கும், மஞ்சட்கருவைக் கரும்பச்சையாக்கும். நூறு வருஷ முட்டை, ஆயிரம் வருஷ முட்டை என்பதெல்லாம் பெயரில் மட்டும். மணம் கொஞ்சம் கடுமைதான். முதல்தரம் தனியாகக் கடிக்க வேண்டாம், ஊறுகாய் இஞ்சியோடு அல்லது அரிசிக் கஞ்சியில் சாப்பிடுங்கள். கஞ்சியில் பெரும்பாலும் பன்றி இறைச்சியும் சேரும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

மாமியார் சுத்த சைவம். அவரையும் கூட்டிப்போகலாமா?
*கொட்டாஞ்சேனை வாசகர்*

தாராளமாக. பௌத்த கோயில்களுக்குப் பக்கத்தில் சைவக் கடை தேடுங்கள். அவர்கள் வெங்காயம், உள்ளிகூடப் போடமாட்டார்கள். எங்கள் விரதச் சமையலையே மிஞ்சிவிடுவார்கள். சாதாரணக் கடையில்தான் கவனம் வேண்டும். வெறும் கீரை என்று வரும், மேலே சிப்பிச் சோஸ் ஊற்றியிருக்கும், அல்லது பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். சிவப்புக் குழம்பில் வரும் மாப்போ டோஃபு சோயாக் கட்டிக் கறிதான், ஆனால் அதில் அரைத்த இறைச்சி உண்டு. "சைவம் சாப்பிடுகிறவர், சிப்பிச் சோஸும் இறைச்சிக் கொழுப்பும் வேண்டாம்" என்று சீன எழுத்தில் போனில் எழுதி வைத்து, கடைக்காரருக்குக் காட்டுங்கள்.

சைவக் கடையில் கோதுமைப் பசையிலும் சோயாத் தோலிலும் தாரா, மீன் எல்லாம் அச்சு அசலாகச் செய்து வைப்பார்கள். எங்கள் மாமி அந்த மீனைத் தொடவே இல்லை. "சைவம் எண்டால் ஏன் வாலும் செட்டையும்?" என்று கேட்டா. நியாயமான கேள்வி.

ஹலால் கிடைக்குமா?
*மாளிகாவத்தை வாசகி*

கிடைக்கும். பலகையில் 清真 (ஹலால்) என்ற சீன எழுத்து இருக்கும் கடைகளைப் பாருங்கள்; முன்பு கூடவே இருந்த அரபு எழுத்தைப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஹுய் எனப்படும் சீன முஸ்லிம்கள் நடத்தும், வடமேற்கு நகரமான லான்சோவின் பெயர் கொண்ட நூடில்ஸ் கடைகள் பெரிய நகரங்களில் நிறைய உண்டு. மாவைக் கண்ணுக்கு முன்னாலேயே இழுத்து நூலாக்குவார்கள். குவாங்சோவின் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று, தொழுகைக்கும் வசதி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்றிக்குப் பயந்து இந்தக் கடைக்குள் போனால் மாட்டிடம் மாட்டிக்கொள்வீர்கள். லான்சோ நூடில்ஸ் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் வரும்.

யாழ்ப்பாணத்தில் கடலட்டை வளர்க்கிறார்கள். எங்கள் ஆட்கள் யாரும் சாப்பிட்டுக் காணவில்லை. உண்மையில் அது எப்படி இருக்கும்?
*பம்பலப்பிட்டி வாசகர்*

என் பிழைப்பையே கேட்டுவிட்டீர்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் கிளிநொச்சி, மன்னார்க் கரைகளிலும் வெள்ளை அட்டைதான் முக்கியம். பண்ணைகள் வந்ததில் இருந்து சிறு மீனவர்களுக்கும் பண்ணைக்காரருக்கும் இழுபறி. வலை போடும் இடம் போய்விட்டது என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அட்டையைக் குடல் எடுத்து அவித்து, மேல் சுண்ணாம்புப் படலத்தைச் சுரண்டி, திரும்ப அவித்து வெயிலில் கல்லாகக் காயவைப்போம். காய்ந்ததும் நல்லாய்ச் சிறுத்துவிடும்.

அந்தச் சாக்குகள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று குவாங்சோவின் யீதே வீதி. கருங்கல்லில் கட்டிய பெரிய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றும் அதே வீதியில்தான். இரண்டு பக்கமும் கணவாய், சிப்பி, மீனின் காற்றுப் பை, அட்டை என்று குவித்திருக்கும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனபோது மனைவி மூக்கைப் பொத்தினா. எனக்குப் புறக்கோட்டைக்கு வந்த மாதிரி இருந்தது.

அட்டையை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பழுதாகிவிடும் என்று கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். ஊதிப் பருத்த பிறகு லீக்ஸ் போட்டுக் கறுத்தச் சோஸில் கொதிக்கவைப்பது வடக்கே ஷான்டொங் மாகாணத்து முறை. வாயில் வைத்தால் வழுக்கும், பிறகு மெதுவாகக் கடிபடும், ருசி முழுவதும் சோஸினுடையது. விருந்தாளிக்கு அதை வைப்பது பெரிய மரியாதை, வைத்தால் சாப்பிடுங்கள். ஆனால் இவ்வளவு காலம் விற்ற நான் சொல்கிறேன், சொந்தக் காசில் அதை வாங்காதீர்கள். அந்த விலைக்கு முழு மீன் ஒன்றை இஞ்சி போட்டு அவித்துத் தருவார்கள், குவாங்சோக்காரரின் கெட்டித்தனம் அதில்தான் தெரியும். மேல்பாதி முடிந்ததும் மீனைப் புரட்டாதீர்கள். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு அது படகு கவிழ்வது. முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பாதியை எடுங்கள்.

கொச்சிக்காய் தின்று வளர்ந்த எங்களுக்குச் சிச்சுவான் உறைப்பு ஒரு பொருட்டா?
*தெஹிவளை இளைஞர்*

கொச்சிக்காய் பொருட்டல்ல, தம்பி. கூட வரும் சிச்சுவான் மிளகுதான் ஆள். பெயர்தான் மிளகு, அது எலுமிச்சைக் குடும்பத்துக் காய். உறைக்காது, உதடும் நாக்கும் விறைத்துத் துடிக்கும். லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் அந்தத் துடிப்பை அளந்தபோது கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ் என்று வந்தது. எங்கள் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் பயப்பட வேண்டாம். சிச்சுவானை அடுத்த சொங்சிங் நகரப் பக்கத்துக் கொதிசட்டியில் (மேசையில் கொதிக்கும் சாற்றில் நாமே போட்டு அவிப்பது) மாட்டுக் கொழுப்பு உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தாரா இரத்தக் கட்டியும் வரும். ஊரில் ஆட்டு இரத்த வறை சாப்பிட்ட வீட்டுப் பிள்ளையென்றால் அதைக் கண்டு திடுக்கிடாதீர்.

சீனாவில் ஹொட் பட்டர் கணவாய் எங்கே நல்லது?
*நுகேகொடை வாசகர்*

எங்கேயும் இல்லை, ஐயா. அது கொழும்புச் சீனக் கடைகளின் சமையல். நாங்கள் சைனீஸ் றோல்ஸ் என்று வாங்குவதும் இங்கத்தைய பண்டம். திரும்பி வந்திறங்கும் அன்றிரவு காலி வீதியில் ஒரு தட்டுச் சொல்லுங்கள், கறிமிளகாயைக் கொஞ்சம் கூடப் போடச்சொல்லி.