தேய்க்கிற மைக்கு டிராகன் எதற்கு?

கேள்வி: சீன ஓவியப் பெட்டி ஒன்றில் தங்க நிற டிராகன் புடைத்து நிற்கும் கறுப்புக் கட்டியைப் பார்த்தேன். மையாம்! தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்தால் கரைந்துபோகிற பொருளுக்கு இவ்வளவு வேலைப்பாடு தேவையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தேவையில்லைதான். ஆனால் அழகான கட்டிகளை வாங்கியவர்களில் பலர் அவற்றைத் தேய்க்கவே இல்லை, பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

அடிப்படையில் அது வெறும் கரி. விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்போமே, அதே வழிதான். பைன் மரத்தையோ டுங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயையோ எரித்து, படிகிற கரியைத் தோல் காய்ச்சிய பசையில் பிசைந்து, சம்மட்டியால் அடி அடியென்று அடித்து, சூடு ஆறுவதற்குள் மர அச்சில் அழுத்துவார்கள். அச்சில் படமும் எழுத்தும் இடம் வலம் மாறிக் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அப்புறம் கட்டி வளையாமல் இருக்கத் திருப்பித் திருப்பிப் போட்டு மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, கடைசியில்தான் தங்கப் பூச்சு. பசை நாற்றம் தெரியாமலிருக்கக் கற்பூரம், கஸ்தூரி எல்லாம் சேர்ப்பதுண்டு.

இதற்குப் பேர்போன ஊர் இன்றைய அன்ஹுய் மாகாணத்திலுள்ள ஹுயிசோ. மிங் அரச வம்சத்தின் காலத்தில் அங்கே ஃபாங் யூலு, செங் தாயுவே என்று இரண்டு பெரிய மை வியாபாரிகள். செங்கின் பட்டறையில் தொழில் கற்றவர் ஃபாங், பிறகு அவருக்கே போட்டியாகிவிட்டார். ஃபாங் 1588-இல் தன் மைக்கட்டி வடிவங்களைப் படப் புத்தகமாகப் போட, 1605 வாக்கில் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் போட்டார் செங். அதில் இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி கொடுத்த 4 விவிலியப் படங்கள்கூட உண்டு. அது போதாதென்று, காப்பாற்றியவனையே தின்னப் பார்த்த ஓநாயின் கதையையும் சேர்த்துவிட்டார். யாரைக் குத்துகிறார் என்று ஊருக்கே தெரியும். டிராகனுக்குக் காரணம் இப்போது புரிகிறதா? பாதி கலை, பாதி வியாபாரப் போட்டி.

கேள்வி: அப்படியொரு பழைய கட்டி கிடைத்தால் தேய்த்துப் பார்க்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேலைப்பாடுள்ள பழைய கட்டி என்றால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். புதிது என்றால் தாராளமாகத் தேய்க்கலாம். மைக்கல்லில், அதாவது மை தேய்க்கும் கல்லில், சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் மெதுவாக வட்டமிட்டுத் தேய்க்க வேண்டும். முடித்ததும் நுனியைத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு கல்லிலேயே விட்டால் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.