மூக்கடைப்பு வந்ததற்காகக் குளிசையை நிறுத்தாதீர்கள்

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அம்மாவுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி. ஒப்பரேஷனை இரண்டு கிழமை தள்ளிவைத்து ஒரு குளிசை தந்திருக்கிறார்கள். போட்டதிலிருந்து மூக்கடைப்பு, எழும்பினால் தலைச்சுற்று. போதாக்குறைக்கு, பிரஷர் உள்ளவருக்கு உப்பைக் கூட்டவும் சொல்கிறார்கள். குளிசையை நிறுத்தலாமா?

வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு கிழமைதான் பாதி வேலை.

இந்தக் கட்டி பிரஷரை ஏற்றும் ஹோர்மோன்களான அதிரீனலினையும் நோர்அதிரீனலினையும் இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருப்பதால் இரத்தக் குழாய்கள் இறுகிப்போய், உள்ளே ஓடும் நீரும் குறைந்திருக்கும். அப்படியே தியேட்டருக்குக் கொண்டுபோனால், தொண்டையில் குழாய் விடும்போதோ கட்டியைத் தொடும்போதோ பிரஷர் 200ஐத் தாண்டிப் பாயலாம், பிறகு கட்டியின் நாளத்தைக் கட்டியதும் கயிறறுந்த வாளி மாதிரி விழும். தந்த குளிசை பிராசோசின், டொக்சாசோசின் போன்ற அல்பா புளொக்கராக இருக்கவேண்டும், அது குழாய்களை இளக்கும். மூக்கடைப்பும் லேசான தலைச்சுற்றும் மருந்து பிடித்துவிட்டதற்கு அடையாளம், நாங்களே அதைக் கேட்டுத்தான் பார்ப்போம். இளகிய குழாயை நிரப்பத்தான் தண்ணீரும் உப்பும். கஞ்சியிலோ சொதியிலோ கொஞ்சம் கூடப் போடுங்கள், இதயமோ சிறுநீரகமோ பழுதென்றால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் கதிரையில் இருந்தும் எழும்பி நின்றும் பார்த்து எழுதுங்கள். இருக்கும்போது 130/80க்குக் கீழே வரவேண்டும், நிற்கும்போது மேல் எண் 90க்குக் கீழே போகக்கூடாது. போனாலோ மயங்கி விழுந்தாலோ உடனே வாட்டுக்குச் சொல்லுங்கள்.

எனக்குப் பயம் பார்மசிதான். மூக்கடைப்புக்கென்று சூடோஎபெட்ரின் கலந்த தடிமன் குளிசை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், பிரஷரை ஏற்றிவிடும். சத்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் இந்தக் கட்டியைக் கிளறும். நெஞ்சு படபடக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரரின் புரோப்பிரனலோலை (இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரு பீட்டா புளொக்கர்) கடன் வாங்குவது அதைவிட மோசம்: அல்பா புளொக்கர் முழுதாகப் பிடிக்கமுன் பீட்டா புளொக்கர் போட்டால் பிரஷர் இன்னும் ஏறும். தேவையென்றால் வைத்தியரே பிறகு சேர்ப்பார். இடையில் பல்லுப் பிடுங்கப் போகவேண்டி வந்தால் கட்டியைப் பற்றி முதலே சொல்லுங்கள், விறைப்பு ஊசிகள் பலவற்றில் அதிரீனலின் உண்டு.

ஒப்பரேஷன் முடிந்து ஐசியுவில் வைத்தால் பதறவேண்டாம். பிரஷரோடு இரத்தத்தில் உள்ள சீனியும் திடீரென்று குறையலாம் என்பதால் முதல் 24 மணிநேரம் விடாமல் பார்ப்பார்கள். அப்புறம், இது பரம்பரையாகவும் வரும், உங்களையும் சகோதரங்களையும் சோதிக்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.