உருவிப் பின்னும் கை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயது. ஆட்டிசம் உள்ளவன், அதிகம் பேசமாட்டான். தாத்தாவின் அருகில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்தக் கற்றவன், இப்போது இரண்டு ஊசிகளில் பருத்தி நூலைப் பின்னுகிறான். ஒரு முழம் வந்ததும் உருவிவிட்டு மறுபடி தொடங்குகிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் இரவிலும் ஓய்வதில்லை. முடிக்காத வேலைக்கு நூல் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இதைக் கலை என்று சொல்லலாமா? படம் அனுப்பியுள்ளேன்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். ஜூடித் ஸ்காட் என்ற அமெரிக்கப் பெண், 1943-இல் டவுன் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாட்டுடன் பிறந்தவர். அவருக்குக் காது கேளாது என்பதைக்கூட நெடுங்காலம் எவரும் அறியவில்லை. 7 வயதிலிருந்து 35 ஆண்டுகள் காப்பகங்களில் கழித்த அவரை, இரட்டைச் சகோதரி வெளியே கொண்டுவந்து 1987-இல் ஓக்லாந்திலுள்ள ஒரு கலைக்கூடத்தில் சேர்த்தார். வண்ணங்களில் அவர் மனம் ஒட்டவில்லை. நூல் கைக்கு வந்த பிறகோ, கிடைத்த பொருள்களையெல்லாம் உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டி, 2005-இல் இறக்கும்வரை சிற்பங்கள் செய்துகொண்டேயிருந்தார்.

உங்கள் மகன் வலையை விட்டுப் பின்னலுக்கு வந்ததில் ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வலை முடிச்சு நழுவாமல் இருப்பதற்கென்றே போடப்படுவது. தவறினால் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பின்னலிலோ ஒரு கண்ணிக்குள் இன்னொன்று நுழைந்து நிற்கிறதே தவிர முடிச்சு இல்லை என்பதால், முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் சேதமின்றித் திரும்பக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, வீட்டின் ஓசைகளும் வேளைகளும் அவனைக் கேட்காமலே மாறிவிடுகின்றன. அப்போது தன் விருப்பப்படி தொடங்கவும் கலைக்கவும் கூடிய ஒன்று அவன் கையில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்வரிகள் ஊசி நுழையாத அளவு இறுகியிருக்கின்றன. ஏழெட்டு வரிகளுக்கு மேல் கண்ணிகள் தளர்ந்து ஒரே அளவாகின்றன. கை இளகிய இடம் அது. அவன் வாயால் சொல்லாததை அந்த வரிகளில் நான் வாசித்தேன். அவன் பின்னுவதை மனதை ஆற்றும் மருந்தாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை.

உருவ வேண்டாம் என்று தடுக்காதீர்கள். அவன் சம்மதித்தால், உருவுவதற்கு முன் ஒரு படம் எடுத்து நாள் குறித்து வையுங்கள். நூல் தீர்ந்தால் பழைய கடையிலேயே அதே நூலைக் கேட்டு வாங்குங்கள். நிறம் ஒத்திருந்தாலும் விரலுக்கு வேறாகத் தெரிந்தால் அவன் தொடாமலே இருந்துவிடக்கூடும்.