நர்ஸ் பிராக்டிஷனராக முனைவர் பட்டம் கட்டாயமா?

நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித்தரும் உயர்நிலைச் செவிலியரே நர்ஸ் பிராக்டிஷனர். அமெரிக்காவில் இந்தப் பணிக்கு இன்றும் முதுநிலைப் பட்டமே போதும். 2015-க்குள் டி.என்.பி. (Doctor of Nursing Practice) என்னும் செவிலியப் பணிக்கான முனைவர் பட்டத்தை நுழைவுத் தகுதியாக்க வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் 2004-இல் வலியுறுத்தியது. அது முழுமையாக நிறைவேறவில்லை. மயக்கவியல் செவிலியருக்கு விதி வேறு: 2022 முதல் சேருபவர்கள் முனைவர் படிப்பில்தான் சேர முடியும்.

பிஎச்.டி. புதிய அறிவைத் தேடும் ஆய்வு. டி.என்.பி. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் படிப்பு. அதற்கு அச்சங்கம் 2006-இல் வகுத்த நெறிகள் இளநிலைக்குப் பின் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி கேட்டன. ஆய்வேட்டுக்குப் பதில் ஒரு செயல்திட்டம் உண்டு. எடுத்துக்காட்டாக, சிறுநீர் வடிகுழாய் இன்னும் தேவையா என்று ஒரு வார்டில் தினமும் சரிபார்க்கச் செய்து, தொற்று குறைகிறதா என்று அளப்பது. இதை இரண்டாந்தர முனைவர் பட்டம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.