நடுவானில் கரண்ட் போனால்?

கேள்வி: மகன் இரத்மலானையில் சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறான். ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிய கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். மேலே கரண்ட் போய்விட்டால் என்ஜினும் நின்றுவிடுமா?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: நிற்காது அம்மா, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பழகும் விமானங்களில் பெரும்பாலானவற்றில் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது மெக்னீட்டோ. ஒரு என்ஜினுக்கு இரண்டு இருக்கும், என்ஜின் சுற்றும் வரை தாமாகவே வேலை செய்யும், பெட்டரி செத்தாலும் பரவாயில்லை. ஹட்டன் ரோட்டில் ஓடும் லொறிக்கு டைனமோ போனால் சிவப்பு லைட் எரியும், லொறி ஓடும், பெட்டரிதான் இறங்கிக்கொண்டே வரும் இல்லையா? அங்கேயும் அதேதான்.

லைட் எரிந்ததும் பதறாமல் விமானத்தை நேராக வைத்துக்கொண்டு, அப்புறம் கையேட்டில் உள்ளபடி ஆல்டர்னேட்டர் (லொறியின் டைனமோ மாதிரி கரண்ட் உண்டாக்குவது) சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். வரவில்லையா, சரி, அவசியமில்லாததை எல்லாம் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் மிச்சம் இருப்பது பெட்டரி மட்டும், அது அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். ரேடியோ வேலை செய்யும்போதே கோபுரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ரேடியோ மட்டும் போனால் ட்ரான்ஸ்பொண்டரில், அதாவது தரையிலுள்ள ராடாருக்கு விமானத்தைக் காட்டும் கருவியில், 7600 போடுவார்கள், ரேடியோ போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். எல்லாமே போனால் கோபுரத்திலிருந்து விளக்குக் காட்டுவார்கள், பச்சை அசையாமல் எரிந்தால் இறங்கலாம். ப்ளாப், அதாவது மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடல், கரண்டில் இயங்கும் விமானம் என்றால் அது இல்லாமலே இறங்க வேண்டி வரும், அதற்கு நீளமான ஓடுபாதை வேண்டும்.

நம் மலைப்பக்கம் என்றால் இன்னொன்று. பிதுருதலாகலை 8,281 அடி, மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி எப்போது இறங்கும் என்று நமக்கே தெரியாது, மலைக்குப் பின்னால் தாழ்ந்துவிட்டால் ரேடியோவும் எட்டாது. அதனால் உயரத்தை விடாமல் சமவெளிப் பக்கம் திரும்பிவிட வேண்டும். 1974 டிசம்பர் 4 அன்று ஏழு கன்னியர் மலையில் 191 பேர் இறந்தது கரண்டால் இல்லை அம்மா, எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்துச் சீக்கிரமே தாழ்ந்ததால்தான்.

எனக்குப் பயம் தருவது வயர் கருகும் வாசனை. அது வந்தால் யோசிக்கவே கூடாது, மொத்தக் கரண்டையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், என்ஜின் அப்போதும் ஓடும். தீ அணைந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் காற்றுத் துவாரங்களைத் திறக்க வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தை விமானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 1998 செப்டம்பரில் கனடா அருகே கடலில் விழுந்த சுவிஸ் எயார் 111இல், கூரைக்கு மேலே வயரில் எழுந்த பொறி காப்புறையில் பற்றிக்கொண்டது. வாசனை தெரிந்ததிலிருந்து சுமார் 21 நிமிடம்தான், 229 பேரும் போய்விட்டார்கள். நிறுத்தி வைத்த விமானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியபடி மாஸ்டர் சுவிட்சைத் தொட்டுப் பழகச் சொல்லுங்கள் மகனிடம்.

கேள்வி: பெரிய பயணிகள் விமானத்தில்?
– மாணவன், நோர்வூட்

பதில்: ஒவ்வொரு என்ஜினிலும் ஜெனரேட்டர் உண்டு தம்பி, வாலில் இன்னொரு சின்ன என்ஜின், அதற்கும் மேல் பெட்டரி. எல்லாம் கைவிட்டால் பல விமானங்களில் அடியிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே வரும், பறக்கிற வேகத்திலேயே சுற்றிச் சக்தி கொடுக்கும். 1983இல் கனடாவில் எரிபொருள் தீர்ந்த ஒரு போயிங் 767ஐ அந்தக் காற்றாடி தந்த சக்தியில்தான் திருப்பிக் கிம்லி என்ற இடத்தில் இறக்கினார்கள், உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.